நானூறு ஆட்டங்கள் உள்ள கைப்பெட்டி: சிக்னல் இல்லாத தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் போன் திருத்தும் கடைகளிலும் விளையாட்டுச் சாமான் கடைகளிலும் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருக்கும் ‘400 இன் 1’ கேம் பொக்ஸைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் மூன்று அங்குல வண்ணத் திரை, இடப்பக்கம் சிலுவை வடிவத்தில் திசைப் பொத்தான், வலப்பக்கம் ஆட்டப் பொத்தான்கள், முதுகுப்புறம் கழற்றி மாட்டக்கூடிய பெட்டரி, கூடவே சார்ஜ் வயரும் டிவியில் செருகும் வயரும். பல பெயர்களிலும் பல நிறங்களிலும் இது விற்பனைக்கு வருகிறது. உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான். சிம் போட இடமில்லை, வைஃபை இல்லை, புளூடூத்தும் இல்லை. மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கும் என் தங்கையின் பிள்ளைகள் இருவருக்காக இதை வாங்கினேன். தம்பி மூன்றாம் தரத்திலும் அக்கா ஆறாம் தரத்திலும் படிக்கிறார்கள். விலை மூவாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகள் இருக்கும், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காத வீட்டுக்கு இது ஏற்ற பொருள் என்பதே என் முடிவு. ஆனால் இன்னொருவரும் சேர்ந்து ஆடுவதற்கான இரண்டாவது கைப்பிடியோடு வரும் பெட்டியைத்தான் வாங்க வேண்டும். தனிப் பெட்டியை வாங்க வேண்டாம். அதற்கான காரணங்களையும், இந்தப் பெட்டியின் குறைகளையும் விரிவாகச் சொல்கிறேன்.

இணையம் இல்லாமல் விளையாடுவது கொழும்பில் உள்ள ஒரு குடும்பத்துக்கு விருப்பத்தின்பாற்பட்ட விடயமாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அது நிலத்தின் அமைப்பு தீர்மானிக்கும் விடயம். ஒரே தோட்டத்தில் மேல் லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) நின்றால் மூன்று கோடு சிக்னல் தெரியும், பணிய லயத்துக்கு இறங்கினால் ஒன்றும் இராது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடியிருந்தபோது மலையகத்துப் பிள்ளைகள் பாறைமேலும் மேட்டு நிலத்திலும் ஏறி அமர்ந்து போனில் பாடம் கேட்டதை நாடே பார்த்தது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, சிக்னல் கோபுரங்களின் பெட்டரி தீர்ந்து, இருந்த கொஞ்ச சிக்னலும் போனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மண்சரிவினால் வீதியும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் ஒருசேர அறுந்தன. உயிரையும் வீட்டையும் இழந்தவர்களின் முன்னால் விளையாட்டைப் பற்றிப் பேச மனம் கூசத்தான் செய்கிறது. ஆயினும் தங்குமிடங்களாக மாற்றப்பட்ட மண்டபங்களில் பெரியவர்களோடு பிள்ளைகளும் இருந்தார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லாமல், பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பயந்தபடியே நாளைக் கழித்தார்கள். அவர்களுக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. அத்தகைய பெருந்துயர் இல்லாத சாதாரண ஆண்டிலும், மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை எங்கள் மேற்குச் சரிவில் விடாமல் கொட்டும்போது, வீட்டுக்கு முன்னாலுள்ள இஸ்தோப்பைத் தாண்டிப் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை.

‘போனிலேயே விளையாடலாமே, தனியாக ஒரு பெட்டி எதற்கு’ என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இணையம் இல்லாமல் ஓடும் போன் ஆட்டங்கள் நிறையவே இருக்கின்றன. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த சப்வே சர்ஃபர்ஸ், அதே ஆண்டில் வந்த ஹில் கிளைம்ப் ரேசிங் ஆகிய இரண்டும் டேட்டாவை நிறுத்திவிட்டாலும் ஓடும். லூடோ கிங்கில் ஒரே போனை நால்வர் கைமாற்றி ஆடலாம். மறுபக்கம், பிள்ளைகள் அதிகமாகக் கேட்கும் ஃப்ரீ ஃபயர், பப்ஜி, ரோப்ளொக்ஸ் ஆகிய மூன்றும் இணையம் இல்லாமல் ஆட முடியாதவை. ஆகவே ஒரு வீட்டில் ‘நெட் இல்லாத ஆட்டம்தான் ஆடலாம்’ என்று விதி வைத்தால், அந்த விதியைக் காப்பதற்குப் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட்ட வீட்டில், அப்பா கொழும்பில் வேலை செய்யும் வீட்டில், அது நடவாது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. லயத்து வீடுகள் பலவற்றில் போன் ஒன்றுதான் இருக்கும். கொழும்பில் இருக்கும் தகப்பனின் அழைப்பு அதில்தான் வர வேண்டும். வகுப்பாசிரியர் அனுப்பும் வட்ஸ்அப் அறிவித்தலும் அதில்தான் வர வேண்டும். இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் லொறிக்காரரைக் கூப்பிடுவதும் அதில்தான். அந்தப் போனின் பெட்டரியைப் பிள்ளையின் விளையாட்டுக்குக் கொடுப்பதென்பது வீட்டின் பாதுகாப்பில் கை வைப்பதற்குச் சமம். மேலும், இலவசம் என்று சொல்லி இறக்கிக்கொள்ளும் ஆட்டங்கள் இணையம் அறுந்த நேரத்திலும் இணையத்தையே நினைவூட்டிக்கொண்டிருக்கும். விளம்பரம் பார்த்தால் இன்னொரு உயிர், விளம்பரம் பார்த்தால் இரட்டிப்புக் காசு என்று காட்டிவிட்டு, ‘இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று நின்றுவிடும். பிள்ளை உடனே ரீலோட் போடச் சொல்லிக் கேட்கும். இந்தக் கைப்பெட்டியில் மறுமுனை என்பதே கிடையாது. பிள்ளையை மறுபடி வரச்சொல்லி அழைக்கும் அறிவித்தலோ, காசு கேட்கும் கடையோ, பேச்சுக் கொடுக்கும் முன்பின் தெரியாத ஆளோ அதற்குள் இல்லை. நான் இதைப் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகொம் என்ற எட்டு பிட் கருவியின் வேலையை ஒரு சிறு சில்லுக்குள் அடக்கி, அக்கருவிக்காக எழுதப்பட்ட ஆட்டங்களையும் அவற்றைத் திருத்திச் செய்த ஆட்டங்களையும் சேர்த்து வைத்ததுதான் இந்தப் பெட்டி. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் பிறந்தவர்கள் ‘டிவி கேம்’ என்று சொல்லி வளர்ந்த அதே ஆட்டங்கள். சுப்பர் மாரியோ, கொன்ட்ரா, பாக்மேன், பொம்பர்மேன், பெற்றோல் தீர்வதற்குள் காரை ஓட்டி முடிக்க வேண்டிய ரோட் ஃபைட்டர், டாங்கிச் சண்டையான பட்டில் சிட்டி ஆகியவை இருக்கின்றன. 1985இல் வந்த சுப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட் மட்டுமே. எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு கட்டங்கள் என 32 கட்டங்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. போனில் எடுக்கும் ஒரு படம் அதைப்போலப் பல மடங்கு பெரியது. அக்காலத்து வல்லுநர்கள் அந்தச் சிறிய இடத்துக்குள் வேலை செய்ததால், ஒவ்வொரு கட்டமும் பிள்ளைக்கு ஒரு புதிய விடயத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு முடிந்துவிடும். விளக்கம் வாசிக்க வேண்டியதில்லை, ஆங்கிலம் தெரிந்திருக்கத் தேவையில்லை. பொத்தானை அழுத்திப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம். தம்பிக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. காளான் போன்ற முதல் எதிரியில் மோதிச் செத்தான், இரண்டாம் முறை தாண்டினான்.

இந்த நானூறில் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று நீட்டிச் சொல்ல விரும்புகிறேன். 1985இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பட்டில் சிட்டியில் 35 கட்டங்கள் உண்டு. செங்கல் சுவர்களுக்கு நடுவே ஒரு சிறு டாங்கியை ஓட்டி, கீழே நடுவில் இருக்கும் கழுகுச் சின்னத்தை எதிரி உடைத்துவிடாமல் காக்க வேண்டும். அதன் முதல் பக்கத்தில் ஒருவர் ஆட்டம், இருவர் ஆட்டம் என்பவற்றுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் களம் வெறுமையாகத் திறக்கும். செங்கல், இரும்பு, தண்ணீர், புதர் ஆகியவற்றைத் தாமே அடுக்கித் தமக்கான களத்தைக் கட்டி, பிறகு அதிலேயே ஆடலாம். களம் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று சதுரங்கள் கொண்டது. ஆறாம் தரத்துப் பிள்ளையான அக்கா இதைக் கண்டுபிடித்த பின் மற்ற ஆட்டங்களைத் தம்பியிடமே விட்டுவிட்டாள். அவள் கட்டிய முதல் களம் அவர்களுடைய தோட்டமேதான். இரண்டு வரிசைச் செங்கல் லயங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு வழி, ஓரத்தில் தண்ணீர் ஓடும் ஆறு, மேற்புறம் முழுவதும் புதர் அடுக்கிய தேயிலை மலை. கழுகு இருக்கும் இடம் மாரியம்மன் கோயில் என்றாள். ‘பெரியம்மா, கோயிலச் சுத்தி இரும்பு வெச்சா அவங்களால உடைக்க முடியாது, ஆனா அப்படி வெச்சா விளையாட்டே இல்ல’ என்று சொல்லிவிட்டு, இரும்பை எடுத்துவிட்டுச் செங்கலையே வைத்தாள். ஓர் ஆட்டம் சுவையாக இருப்பதற்கு எவ்வளவு ஆபத்து வேண்டும் என்பதை ஒரு பிள்ளை தானாகவே கண்டுகொள்வதற்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

இந்தப் பெட்டியின் மிகப் பெரிய குறையும் அங்கேதான் இருக்கிறது. இது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. பெட்டியை நிறுத்தியதும் அக்காவின் தோட்டம் அழிந்துவிட்டது. தம்பி ஏறிய உலகங்களும் அழிந்துவிட்டன. அந்தக் காலத்துக் கருவிகளில் பெரும்பாலான ஆட்டங்களுக்கு நினைவகம் கிடையாது. சில ஆட்டங்கள் மட்டும் சிறு பெட்டரியோடோ கடவுச்சொல்லோடோ வந்தன. அந்த வழக்கமே இந்த மலிவுப் பெட்டிக்கும் தொடர்கிறது. இன்றைய விலையில் ஒரு சிறு நினைவகத்தைச் சேர்ப்பது பெரிய காரியம் அல்ல என்பதால், இதைச் செய்பவர்கள் மீது எனக்கு உண்மையான மனவருத்தம் உண்டு. பிள்ளைகள் அதற்குத் தாமே வழி தேடினார்கள். அக்கா கணக்குப் பாடத்துக்கான சதுரக் கொப்பியில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டம் போட்டு, செங்கலுக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், புதருக்குப் பச்சை என்று நிறம் தீட்டிக் களங்களை எழுதி வைக்கத் தொடங்கினாள். அடுத்த நாள் கொப்பியைப் பார்த்து மறுபடி கட்டினாள். அப்படிக் கட்டும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை மாற்றினாள். கொப்பி வீணாகிறது என்று என் தங்கை முதலில் கண்டித்தாள், பிறகு அவளே பென்சில் வாங்கிக் கொடுத்தாள்.

மாரியோ ஆடுபவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இரண்டு வழிகள் இருக்கின்றன; பெற்றோரும் தெரிந்துவைத்திருந்தால் அழுகை குறையும். முதலாம் உலகத்தின் இரண்டாவது கட்டம் நிலத்துக்கு அடியில் நடக்கும். அதன் கடைசிப் பகுதியில் செங்கல் கூரைக்கு மேலே ஏறி ஓடி, வெளியேறும் குழாயைத் தாண்டிப் போனால், இரண்டாம், மூன்றாம், நான்காம் உலகங்களுக்குச் செல்லும் மூன்று குழாய்கள் இருக்கும். அடுத்தது, உயிர்கள் எல்லாம் முடிந்து முதல் பக்கம் வந்ததும், ‘ஏ’ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ‘ஸ்டார்ட்’ கொடுத்தால், செத்த உலகத்தின் தொடக்கத்திலிருந்தே ஆடலாம். எங்கள் பெட்டியில் இது வேலை செய்கிறது. பெட்டியை நிறுத்தாத வரைக்கும்தான் இது உதவும். கொன்ட்ராவில் முதல் பக்கத்தில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், ‘பீ’, ‘ஏ’ என்று அழுத்தினால் மூன்று உயிர்களுக்குப் பதிலாக முப்பது உயிர்கள் கிடைக்கும் என்பதைத் தம்பிக்குச் சொன்னவர் பக்கத்து லயத்து மாமா ஒருவர். அவர் தம் சின்ன வயதில் ஹட்டனில் ஓர் உறவினர் வீட்டு டிவியில் ஆடியவர். எல்லாம் வாய்வழியாகத்தான் வருகிறது. வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத இடத்தில், பிள்ளை ஒரு மனிதரிடம் போய்க் கேட்கிறது. முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுகிறார்.

இரண்டாவது கைப்பிடியோடு வாங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். கைப்பிடி ஒரு வயரினால் பெட்டியோடு சேர்கிறது. கொன்ட்ராவிலும் பட்டில் சிட்டியிலும் இருவர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நின்று ஆடலாம். மாரியோவில் ஒருவர் செத்ததும் மற்றவர் முறை வரும். பட்டில் சிட்டியில் ஒருவருடைய குண்டு மற்றவர் மீது பட்டால் அவருடைய டாங்கி சிறிது நேரம் அசையாமல் நின்றுவிடும், ஆகவே ஒருவரையொருவர் பார்த்துத்தான் சுட வேண்டும். முதல் வாரத்தில் சண்டை இருந்தது என்பதை மறைக்கவில்லை. பிறகு ‘நீ கோயில்கிட்ட நில்லு, நான் மேல போறேன்’ என்று பேசி ஆடத் தொடங்கினார்கள். மூன்று வயது வித்தியாசமுள்ள அக்காவும் தம்பியும் ஒரே வேலையில் ஒருவரையொருவர் நம்பி இருப்பதைப் பார்க்க மனம் நிறைந்தது. தனிப் பெட்டியாக வாங்கினால் ஒருவர் ஆட மற்றவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்று அங்குலத் திரையில் அதுவும் முடியாது.

திரையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். அது சிறியது, நீண்ட நேரம் பார்க்கத் தகாதது. பிள்ளைகள் அதை மூக்குக்கு அருகே கொண்டுபோகிறார்கள். ஆகவே இயன்றவரை டிவியில் செருகியே ஆடவிடுவது நல்லது. வயரின் ஒரு முனை பெட்டியிலும் மறுமுனையில் உள்ள நிறச் செருகிகள் டிவியின் பின்புறமும் போக வேண்டும். லயத்து வீடுகளில் இன்னும் இருக்கும் பெட்டி போன்ற பழைய டிவிகளில் மஞ்சள் நிறத் துவாரம் கட்டாயம் இருக்கும். புதிதாக வாங்கிய தட்டை டிவிகள் சிலவற்றில் அது இல்லை, அல்லது தனியாக ஓர் இணைப்பு வயர் வேண்டும். பழைய டிவிதான் இந்த ஆட்டங்களுக்கு அழகாகவும் இருக்கிறது; அவை அந்தத் திரைகளுக்காகவே வரையப்பட்டவை. டிவியில் ஆடுவதில் இன்னொரு நன்மை, பிள்ளை என்ன ஆடுகிறது என்பது அடுப்படியில் நிற்பவருக்கும் தெரியும்.

அப்படித் தெரிவது அவசியமும்கூட. இந்தப் பெட்டியில் வயதுக் குறியீடு கிடையாது, பூட்டு கிடையாது. பெரும்பாலானவை கபடமற்ற ஆட்டங்கள்தான். ஆனால் துப்பாக்கி ஆட்டங்களும் இருக்கின்றன, எண்பதுகளின் படங்களாக இருந்தாலும் சுடுவது சுடுவதுதான். கொடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் பட்டியலை முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பட்டியலோ ஆங்கிலத்தில் இருக்கிறது, பல பெயர்கள் எழுத்துப் பிழையோடும் உண்மைப் பெயருக்குச் சம்பந்தமில்லாமலும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் எண்ணை வைத்தே ஆட்டத்தை அடையாளம் காண்கிறார்கள். நானூறில் திரும்பத் திரும்ப ஆடத் தகுந்தவை முப்பதைத் தாண்டாது என்பது என் கணிப்பு. மற்றவை ஒரு முறை திறந்து பார்த்து மூடிவிடக்கூடியவை. நானூறு என்ற எண்ணுக்காக எவரும் வாங்க வேண்டாம். இன்னும் பெரிய எண்களைப் போட்டு விற்கும் பெட்டிகளில் ஒரே ஆட்டம் பெயர் மாறிப் பலமுறை வருவதைப் பார்த்திருக்கிறேன்.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டங்களை உருவாக்கியவர்களிடம் இப்பெட்டிகளைச் செய்பவர்கள் அனுமதி பெற்றிருக்கிறார்கள் என்று நினைக்க ஒரு நியாயமும் இல்லை. பிள்ளைக்குக் கொடுக்கும் பொருளில் இது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. உரியவர்களே செய்த கருவிகள் உண்டு. 2016இல் நிண்டெண்டோ வெளியிட்ட சிறிய கருவியொன்றில் 30 ஆட்டங்களும், விட்ட இடத்தைச் சேமிக்கும் வசதியும் இருந்தன. 2020 நவம்பரில் மாரியோ ஆட்டங்களைக் கொண்ட கேம் அண்ட் வொட்ச் என்ற சிறு கைக்கருவியும் வந்தது. இரண்டும் குறைந்த காலமே விற்பனையில் இருந்தன. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடையில் நான் அவற்றைக் கண்டதில்லை.

வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் கொண்டுவருவார் என்றால், 2019 செப்டெம்பர் 20 அன்று வெளிவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் லைட் இதைவிட எல்லா வகையிலும் மேலான பொருள். 5.5 அங்குலத் திரை, 275 கிராம் எடை. சிறு அட்டைகளில் வரும் ஆட்டங்களை வாங்கிச் செருகினால், பலவற்றை இணையத்தோடு ஒருமுறைகூடச் சேர்க்காமலே ஆடலாம். ஆனால் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 199.99 டொலர், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனி விலை. சில அட்டைகளில் ஆட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே இருக்கும், மிச்சத்தை இணையத்தில் இறக்க வேண்டும். பெட்டியின் முகப்பிலேயே அதைக் குறிப்பிட்டிருப்பார்கள், அனுப்புகிறவரிடம் அதைப் பார்த்து வாங்கச் சொல்ல வேண்டும். அதில் மாதாந்தக் கட்டணம் கட்டிப் பெறும் பழைய ஆட்டங்களுக்கு ஏழு நாட்களுக்கு ஒருமுறை இணையத்தோடு சேர்ந்தாக வேண்டும், ஆகவே எங்களுக்கு அது உதவாது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2க்கு விற்கப்படும் அட்டைகளில் ஒரு வகையில் ஆட்டமே இருப்பதில்லை. அது திறப்பு (சாவி) மட்டும்தான், ஆட்டத்தை முழுவதுமாக இறக்கிக்கொள்ள வேண்டும். உலகம் போகும் திசை அதுவாக இருக்கும்போது, பொருளுக்குள்ளேயே ஆட்டம் முழுதாக இருக்கும் கருவிகளின் அருமை எங்களைப் போன்ற இடத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுகிறது.

அடுத்து பெட்டரி. இதில்தான் இப்பெட்டி எங்கள் நிலைமைக்கு எதிர்பாராத வகையில் பொருந்துகிறது. எங்களுடையதில் இருப்பது பீஎல்-5சீ வகை. நோக்கியாவின் பழைய பொத்தான் போன்களில் இருந்த அதே பெட்டரிதான். அந்த வகைப் பெட்டரி இன்றும் எல்லாச் சிறு நகரத்துப் போன் கடைகளிலும் கிடைக்கிறது. ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்தால், மின்சாரம் போன நாளில் ஒன்று தீர மற்றதை மாட்டலாம். நிறைவாக சார்ஜ் செய்த பெட்டரி ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் தருகிறது, அது ஒரு பிள்ளைக்குப் போதும் என்பதைவிட மிக அதிகம். சாதாரண போன் சார்ஜரிலும் பவர் பேங்கிலும் சார்ஜ் ஆகும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். மலிவுப் பெட்டரிகளில் போலிகள் அதிகம். 2007இல் இதே பீஎல்-5சீ வகையில் சூடேறும் குறை இருந்ததால் 4 கோடியே 60 இலட்சம் பெட்டரிகளுக்கு நோக்கியா எச்சரிக்கை விடுத்து மாற்றிக்கொடுக்க முன்வந்தது. பெரிய நிறுவனத்தின் பொருளுக்கே அந்த நிலை வந்ததென்றால், பெயர் தெரியாத பெட்டரியில் கவனம் இன்னும் அதிகமாகத் தேவை. வயிறு உப்பிய பெட்டரியை அன்றே கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். இரவு முழுவதும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. பலகையும் துணிமணியும் நெருக்கமாக இருக்கும் லயக் காம்பராவில் இது விளையாட்டான விடயம் அல்ல.

பொத்தான்கள் முதலில் நன்றாக இருந்தன, சில மாதங்களில் ‘ஏ’ பொத்தான் ஒட்டத் தொடங்கியது. எங்கள் குளிரிலும் ஈரத்திலும் ரப்பர் சீக்கிரம் கெடுகிறது என்று நினைக்கிறேன். வாங்கிய கடையில் கேட்டபோது கைவிரித்துவிட்டார்கள். உத்தரவாதச் சீட்டில் இருந்த காலம் முடியவில்லை என்பதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பின்னர் போன் திருத்தும் இளைஞர் ஒருவர் நான்கு திருகாணியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர்த் தகட்டைத் துடைத்து மாட்டிக்கொடுத்தார், பத்து நிமிட வேலைதான். போனையோ பெரிய கருவியையோ இப்படித் திருத்த முடியாது. ஒலி கீச்சென்று இருக்கிறது. எங்கள் பெட்டியில் குறைப்பதற்கு வழி இருக்கிறது, வாங்கும்போது அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லயத்தில் சுவருக்கு அடுத்த பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கிறது.

நேரக் கட்டுப்பாடு இப்பெட்டியில் இல்லை, ஆனாலும் அது எளிதாகவே அமைந்தது. இந்த ஆட்டங்கள் கடினமானவை. பிள்ளை செத்துச் செத்து, ஒரு கட்டத்தில் தானே அலுத்து வைத்துவிடுகிறது. போனில் இருக்கும் ஆட்டங்களைப் போல நாளைக்கும் வந்தால் பரிசு என்று இது சொல்வதில்லை. வீட்டில் இருக்கும் அம்மாயி (பாட்டி) ஒரு வழி வைத்திருக்கிறார். பெட்டரி அவரிடம் இருக்கும். வீட்டுப்பாடம் முடிந்ததும் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்ப வாங்கிக்கொள்வார். ‘அம்மாயி, இன்னும் ஒரே ஒரு உசுரு’ என்று தம்பி கெஞ்சினால் அந்த ஓர் உயிர் முடியும்வரை காத்திருப்பார். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளை உள்ள வீட்டில் இதைக் கொடுக்கலாமா என்று ஓர் ஆசிரியை என்னிடம் கேட்டார். கொடுக்கலாம் என்றேன், இந்த ஒழுங்கு இருக்குமானால். பெட்டரியைக் கையில் வைத்திருக்க ஒரு பெரியவர் இல்லாத வீட்டில் கொடுக்க வேண்டாம்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தப் பெட்டி ஏறத்தாழ இரண்டு நாள் உழைப்பு. அதனால் சும்மா வாங்கிப் பார்க்கலாம் என்று எவருக்கும் சொல்ல மாட்டேன். கடையில் வாங்கும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லி, அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திசைப் பொத்தானின் நான்கு பக்கத்தையும் அழுத்திப் பாருங்கள். இரண்டாவது கைப்பிடியை மாட்டி, இருவர் ஆட்டம் ஒன்றைத் திறந்து, அதன் ஒவ்வொரு பொத்தானையும் பாருங்கள். பெட்டரியைக் கழற்றி அதன் வகை எழுத்தை வாசியுங்கள். வேறு வகையாக இருந்தால், தீர்ந்த பின் மாற்றுப் பெட்டரி கிடைப்பது சிரமம். டிவி வயர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், சில கடைகளில் அதை எடுத்துத் தனியாக விற்கிறார்கள். கடையில் டிவி இருந்தால் அதில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதச் சீட்டில் திகதியும் கடை முத்திரையும் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். இதே பொருள் அதே தெருவில் வேறு கடைகளிலும் இருக்கிறது.